ஐந்து டப்பா, ஒரே வயிறு

என் சித்தப்பாவைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சோப்பு என்றால்தான் தெரியும். கதவைத் தொட்டால் கை கழுவுவார். கழுவுவதற்குக் குழாயைத் திறந்தால், குழாயைத் தொட்டதற்காக இன்னொரு தடவை கழுவுவார். அப்புறம் குழாயை மூட வேண்டுமே, அதற்கு என்னைக் கூப்பிடுவார். "முழங்கையால மூடு" என்பார். ஒரு நாள் மூக்கால் மூடிக் காட்டினேன். குழாயையே தேய்த்துக் கழுவும்படி ஆகிவிட்டது. அன்று மதியச் சாப்பாடு பத்து நிமிடம் தாமதம்.

கல்யாணப் பேச்சு ஒரே ஒரு தடவை நடந்ததாம். பெண் வீட்டில் கொடுத்த தம்ளரை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்திருக்கிறார். பேச்சு அத்தோடு நின்றது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகைதான் அவருடைய சமையற்கூடம். பக்கத்துத் தெரு பாலர் பள்ளிக்குப் பதினோரு வருடமாக மதியச் சாப்பாடு அங்கிருந்துதான் போகிறது. எண்பது பிள்ளைகள். அவர் பள்ளிக்குள் போனதே இல்லை, மூக்கு ஒழுகும் பிள்ளைகளைக் கண்டால் பயம். ஆனால் எந்தப் பிள்ளைக்குப் பல் விழுந்திருக்கிறது என்று தினமும் என்னைப் பார்த்துவரச் சொல்வார். விழுந்தவர்களுக்குச் சோறு குழைவாக ஒரு தனித் தூக்குவாளியில் போகும். இதைப் பற்றிக் கேட்டால், "மெல்ல முடியாம துப்பி வெச்சா யாரு கழுவறது?" என்று கடுகடுப்பார்.

கடையில் விற்கும் எதையும் அவர் பச்சையாகத் தின்ன மாட்டார். "எவன் கை பட்டதோ!" கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள துண்டு மண்ணில் வெள்ளரிக் கொடி போட்டிருந்தார். அவர் உலகத்தில் நம்பியது அந்தக் கொடியை மட்டும்தான். தினம் ஒரு காயைப் பறித்து, சட்டையில் ஒரு துடை துடைத்து, நின்றபடியே கடித்துத் தின்பார். வேறு யாருக்கும் ஒரு துண்டு கிடையாது. வாரத்துக்கு ஒரு காய் காணாமல் போகும். பூனை என்று நினைத்துக்கொண்டிருந்தார். பூனை நான்தான்.

கூடத்தில் நாங்கள் ஐந்து பேர். சித்தப்பா. பெரிய பாத்திரங்களைக் கிளறும் கரண்டி அண்ணன். காய் நறுக்கும் அத்தை, அவரைக் காய் அத்தை என்போம். பாத்திரம் கழுவ ஒரு மாதத்துக்கு முன் வந்த புது அக்கா. ஐந்தாவது நான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் சமாதானமாகப் பிரிந்துவிட்டோம். மூன்று சக்கர வண்டியில் சாப்பாட்டை ஏற்றிப் பள்ளிக்குக் கொண்டுபோவது என் வேலை. என்னை வாலு என்பார்கள். சர்க்கரை டின்னில் உப்பு என்றும் உப்பு டின்னில் சர்க்கரை என்றும் ஒரு தடவை சீட்டு ஒட்டியதிலிருந்து அந்தப் பெயர்.

ஒரு திங்கட்கிழமை பள்ளியின் பெரிய டீச்சரிடமிருந்து கடிதம் வந்தது. சமைக்கிறவர்கள், பரிமாறுகிறவர்கள், கொண்டு வருகிறவர்கள் எல்லாரும் சுகாதார அட்டை வாங்க வேண்டும். அதற்கு மலப் பரிசோதனை செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் லேப்பில் கொடுக்காவிட்டால் சாப்பாட்டு வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். கடிதத்தோடு ஐந்து சின்ன டப்பாக்களும் வந்தன. ஒவ்வொரு மூடியிலும் ஒரு குட்டிக் கரண்டி ஒட்டிக்கொண்டிருந்தது.

கரண்டி அண்ணன் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல எவ்வளவு போடணும்?"

"ஒரு கரண்டி. உங்களுக்குத் தெரியாத அளவாண்ணே?" என்றேன்.

"முப்பது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன்," என்றார் காய் அத்தை. "நான் எத்தனை மணிக்குப் போறேன்னு எங்க வீட்டுக்காரருக்கே தெரியாது. இப்ப ஒரு பொண்ணு உக்காந்து கண்ணாடி வெச்சுப் பாக்கப் போறாளாம்!"

"மேல பேரு எழுதணுமா அத்தை?" என்று புது அக்கா மெதுவாகக் கேட்டார்.

"எழுதாம? நீ இன்னாரோடதுன்னு அதுவா எந்திரிச்சு சொல்லுமா?"

செவ்வாய் போனது. புதன் போனது. டப்பாக்கள் அலமாரியில் வரிசையாக வாயைத் திறந்துகொண்டிருந்தன. "டப்பாவைப் பாத்தாலே வயிறு பயந்துபோய் உள்ள இழுத்துக்குது" என்றார் கரண்டி அண்ணன். காய் அத்தை வெளிப்படையாகவே மாட்டேன் என்றார். சித்தப்பாவின் கவலை வேறு. இவர்கள் கொடுக்க மாட்டார்களோ என்பதல்ல, கொடுத்துவிடுவார்களோ என்பதுதான். கரண்டி அண்ணன் ரோட்டோரத்தில் தின்கிறவர். காய் அத்தை விரலை எச்சில் தொட்டுப் பை பிரிக்கிறவர். இவர்களுடையது கண்ணாடிக்கு அடியில் போனால் பதினோரு வருட வேலை போச்சு என்று அவர் முடிவே கட்டிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை எல்லாருடைய டப்பாவையும் எடுத்துக்கொண்டார். "விடுங்க, நான் பாத்துக்கறேன்." லேப்பில் யாரையோ பிடித்துப் பேசி முடிக்கப்போகிறார் என்று மூவரும் நிம்மதியாகக் கலைந்தார்கள்.

சிறிது நேரம் கழித்துப் பின்பக்கக் குழாயடிக்குப் போனேன். ஒரு சுத்தமான துணியின் மேல் ஐந்து டப்பாவும் பளபளவென்று நின்றன. வெளிப்பக்கம் சோப்பு போட்டுக் கழுவித் துடைத்திருக்கிறார். ஒவ்வொன்றிலும் பெயர்ச் சீட்டு. ஐந்தும் நிறைந்திருந்தன.

"சித்தப்பா, அஞ்சு பேரும் குடுத்துட்டாங்களா?"

கையை இன்னும் வேகமாகத் தேய்த்தார். "ஒருத்தன் குடுத்தா போதாதா? நம்ம கூடத்துலயே சுத்தமான வயிறு எதுவோ அது போகட்டுமே."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பில் சத்தமே வரவில்லை.

"என்னோடதுமா?"

"உன்னோடதை உள்ள விட்டா லேப்பையே இழுத்து மூடிடுவாங்க. வெளிய மூச்சு விட்டேன்னு வை, கொன்னுடுவேன். எடுத்துட்டுப் போ. கைய கழுவிட்டு எடு."

எடுத்துக்கொண்டு போனேன்.

அடுத்த செவ்வாய் காலை லேப் அக்கா நேரிலேயே வந்துவிட்டார். ஒல்லியான அக்கா, மூக்குக் கண்ணாடி தலைமேல் இருந்தது. மற்றவர்கள் வெயில், மழை பற்றிப் பேசுவதுபோல் அவர் மலம் பற்றிப் பேசுவார். கூடவே பெரிய டீச்சர் வந்தார், உதட்டை இறுக்கிக்கொண்டு. அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"உருண்டைப்புழு முட்டை இருக்கு," என்றார் லேப் அக்கா.

காய் அத்தை உடனே கரண்டி அண்ணனைப் பார்த்தார். "யாருக்கு?"

"அஞ்சு பேருக்கும்."

கூடத்தில் பருப்பு மட்டும் பேசியது. அந்த மூன்று முகங்களையும் நான் சாகும்வரை மறக்கமாட்டேன். டப்பா கொடுக்கவே இல்லையே, புழு எப்படிப் போச்சு? ஆனால் கொடுக்கவில்லை என்று பெரிய டீச்சர் முன்னால் சொன்னால் அட்டை கிடைக்காது. அதனால் மூவரும் தலையைக் குனிந்து இல்லாத புழுவை ஒப்புக்கொண்டார்கள். கரண்டி அண்ணன் ஒரு படி மேலே போய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "நேத்துலேர்ந்தே என்னமோ நெளியற மாதிரிதான் இருந்துச்சு" என்றார்.

"இது கைக்குக் கை உடனே ஒட்டற சமாச்சாரம் இல்ல," என்றார் லேப் அக்கா. "வெளிய போன முட்டை மண்ணுல ரெண்டு மூணு வாரமாவது கிடந்து பக்குவமாகணும். அப்புறம்தான் வாய் வழியா உள்ள போனா பொரிக்கும். அஞ்சு பேருக்கும் ஒண்ணா வந்திருக்குன்னா மண்ணுலேர்ந்து ஏதோ ஒண்ணு எல்லார் வாய்க்கும் போயிருக்கு. இங்க பச்சையா என்ன சாப்பிடறீங்க? பிள்ளைங்களுக்குப் பச்சையா ஏதாவது போகுதா?"

"எல்லாம் வேக வெச்சதுதான்," என்றார் சித்தப்பா. குரல் எங்கோ அடியிலிருந்து வந்தது.

"வெந்ததுல முட்டை பிழைக்காது. பிள்ளைங்களைப் பத்திப் பயப்படாதீங்க."

பெரிய டீச்சருக்கு அது போதவில்லை. "இத்தனை வருஷமா இல்லாதது இப்ப எப்படி வந்துச்சு? யாரு கொண்டாந்தது?"

காய் அத்தை முருங்கை மரத்தைப் பார்ப்பதுபோல் வெளியே பார்த்தார். "நான் யாரையும் சொல்லலீங்க. புதுசா வந்து ஒரு மாசம்தான் ஆகுது. அவங்க பக்கம் இருபது வீட்டுக்கு ஒரே கக்கூஸ். நான் யாரையும் சொல்லல."

"அப்ப அந்தப் பொண்ணை இன்னிக்கே நிறுத்திடுங்க," என்றார் பெரிய டீச்சர்.

புது அக்கா கையில் ஈரத் தட்டோடு நின்றார். தட்டிலிருந்து நீர் சொட்டியது. "நான் ஒண்ணும் கொண்டாரலீங்க. நான் டப்பாவே..." என்று ஆரம்பித்துச் சித்தப்பாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நானும் சித்தப்பாவைப் பார்த்தேன். குழாயடியில் முதுகைக் காட்டி நின்று கை கழுவிக்கொண்டிருந்தார். நுரை எப்போதோ போய்விட்டது. வெறும் தண்ணீரில் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"நான்தான் மாத்தினேன்," என்றேன்.

ஒருவர்கூட 'நீயா?' என்று கேட்கவில்லை. அதில்தான் எனக்குக் கொஞ்சம் வருத்தம். கரண்டி அண்ணன் மட்டும் "இவதான், இவதான்! எனக்குத் தெரியும்" என்று குதித்தார்.

"அஞ்சையுமா?" என்றார் லேப் அக்கா.

"வழியில எல்லாத்தையும் கொட்டிட்டு மாத்தி வெச்சேன். சும்மா, தமாஷுக்கு."

"அப்ப உள்ள இருந்தது யாரோடது?"

"என்னோடது."

தலைமேல் இருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு என்னை உற்றுப் பார்த்தார். "நீ வெள்ளரிக்கா நெறைய தின்பியோ?"

குழாய்ச் சத்தம் சட்டென்று நின்றது. "உயிர் அக்கா," என்றேன்.

"சரி. வியாழக்கிழமை அஞ்சு பேரும் லேப்புக்கு வாங்க. அவங்கவங்களோடதை அவங்கவங்க கையால குடுக்கணும். அதுவரைக்கும் அடுப்பை அணைங்க."

"பிள்ளைங்களுக்கு ரொட்டி வாங்கிக்கறேன்," என்றார் பெரிய டீச்சர். வாசலில் திரும்பி என்னைப் பார்த்தார். "இப்படிப்பட்ட பொண்ணை வெச்சுக்கிட்டு எண்பது பிள்ளைங்களுக்குச் சாப்பாடு போடறீங்க. அட்டை வரட்டும், அப்புறம் யோசிக்கறேன்."

அவர் போனதும் கரண்டி அண்ணன் லேப் அக்காவின் பின்னாலேயே ஓடினார். "அப்ப எனக்குப் புழு இல்லையா?"

"வியாழக்கிழமை தெரியும்."

"நெளிஞ்சுதே!"

"அது பசி. போய்ச் சாப்பிடுங்க."

மறுநாள் புதன்கிழமை காலை. நான் படியில் உட்கார்ந்து செருப்புக்கு ஊக்கு குத்திக்கொண்டிருந்தேன். சித்தப்பா வந்து பக்கத்தில் நின்றார். உட்கார்ந்தார். படியைத் துடைக்காமலே உட்கார்ந்தார். அப்போதே எனக்குப் பயமாகிவிட்டது.

"நாளைக்கு லேப்புக்குப் போகணும்ல?"

"ஆமா."

"இல்ல, உனக்குன்னு எடுக்கும்போது..." தொண்டையைச் செருமினார். "கொஞ்சம் சேத்து எடுத்தா எனக்கும் ஆகும்."

ஊக்கு விரலில் ஏறிவிட்டது. "என்னோடதையா?"

"மெதுவா பேசு!"

"என்னோடதை விட்டா லேப்பை மூடிடுவாங்கன்னு யாரோ சொன்னாங்க."

"ஏதோ வாய்ல வந்துடுச்சு. நீ ரோட்டுல மேயறவ, உனக்கு எல்லாம் செரிச்சுடும். எனக்கு... பதினோரு வருஷம்டி. ஊர் முழுக்க சோப்பு சோப்புன்னு சொல்லுது. நான் போய் வயித்துல புழுவோட நின்னா அந்த டீச்சரம்மா அடுப்பைத் தொட விடுவாங்களா?"

அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. கை இரண்டும் கழுவிக் கழுவி வெளுத்து, விரல் நுனியெல்லாம் சுருங்கியிருந்தது.

"மாட்டேன் சித்தப்பா," என்றேன். "அந்த அக்காவை நிறுத்தச் சொன்னப்ப நீங்க திரும்பிக்கூடப் பாக்கல."

சித்தப்பா கொடியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஒரே ஒரு மாத்திரைதானாம்," என்றேன். "மென்னு முழுங்கணுமாம். லேப் அக்கா சொன்னாங்க. ஆரஞ்சு வாசனைகூட வருமாம்."

"நிஜ ஆரஞ்சா, எசன்ஸா?"

"எசன்ஸாத்தான் இருக்கும்."

"ம்," என்றார். சமையல்காரருக்கு ருசியைப் பற்றிச் சொன்னால் கொஞ்சம் தெளிவார்.

வியாழக்கிழமை லேப் பெஞ்சில் ஐவரும் வரிசையாக உட்கார்ந்தோம். மடியில் பொட்டலம். யாரும் யாரையும் பார்க்கவில்லை. கல்யாண வீட்டுக்கு மொய்ப் பணத்தோடு வந்தவர்கள் மாதிரிதான் இருந்தோம், முகம்தான் சரியில்லை. சித்தப்பாவின் பெயர் முதலில் வந்தது. எழுந்தார். டப்பாவை மேசையில் வைத்தார்.

"போன வாரம் வந்த அஞ்சும் என்னோடது. இந்தப் பொண்ணு ஒண்ணும் மாத்தல."

கரண்டி அண்ணன் வாயைத் திறந்தார். மூட மறந்துவிட்டார்.

லேப் அக்கா சீட்டில் எழுதிக்கொண்டே, "தெரியும், உக்காருங்க" என்றார்.

"எப்படி?"

"அஞ்சுலயும் வெள்ளரி விதை. ஒரு தோட்டமே உள்ள போயிருக்கு. இந்தப் பொண்ணு அவ்வளவெல்லாம் தின்னிருக்காது. அப்புறம் டப்பா. பன்னெண்டு வருஷமா இந்த வேலை பாக்கறேன், வெளிப்பக்கம் சோப்பு மணக்கற சாம்பிள் ஒண்ணுகூட வந்ததில்ல."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க சொல்வீங்களான்னு பாத்தேன். டீச்சரம்மாகிட்டயும் நீங்கதான் சொல்லணும், நான் சொல்லமாட்டேன்."

சித்தப்பா புது அக்கா பக்கம் திரும்பினார். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை அவருக்கு. "ஏம்மா, அன்னிக்கு நான் பேசியிருக்கணும்."

"பரவால்லண்ணே," என்றார் புது அக்கா. "தண்ணிதான் ரொம்ப வீணாப் போச்சு."

அன்று மாலை லேப் அக்கா எங்கள் பின்பக்கத்தைப் பார்க்க வந்தார். கொடியைப் பார்த்தார். கொடிக்கு மேட்டுப் பக்கம் இருந்த கக்கூஸ் தொட்டியைப் பார்த்தார். மூடியில் ஒரு விரிசல், அதிலிருந்து கொடி வரைக்கும் மண்ணில் கறுப்பாக ஒரு கோடு. மழை பெய்தபோதெல்லாம் தொட்டி பொங்கி அந்த வழியாகத்தான் இறங்கியிருக்கிறது.

"இவ்வளவு கை கழுவினீங்களே, காயைக் கழுவினீங்களா?"

"என் தோட்டத்துக் காய்தானே. யார் கையும் படலையே," என்றார் சித்தப்பா. சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. "சட்டையில துடைச்சேன்."

"அந்த முட்டை பசை மாதிரி ஒட்டும். துடைச்சா போகாது. ஓடற தண்ணில தேய்ச்சுக் கழுவணும், தோலைச் சீவணும். தொட்டி யாரோடது?"

பக்கத்து வீட்டைக் கைகாட்டத்தான் சித்தப்பாவின் கை எழுந்தது. பாதியில் இறங்கியது. "எங்களோடதுதான்."

சனிக்கிழமை முடிவு வந்தது. கரண்டி அண்ணனுக்கு ஒன்றும் இல்லை. காய் அத்தைக்கு இல்லை. இருபது வீட்டுக்கு ஒரே கக்கூஸ் உள்ள புது அக்காவுக்கும் இல்லை. காய் அத்தை அடுத்த வாரம் முழுக்கப் புது அக்காவுக்குப் பாத்திரம் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார், மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. சித்தப்பாவுக்கு இருந்தது.

எனக்கும் இருந்தது.

என்னோடது என்று நான் சொன்ன பொய்யை லேப்பே முத்திரை குத்தி உண்மையாக்கிவிட்டது.

"அப்ப உன்கிட்டேர்ந்துதான் எனக்கு வந்துச்சா!" என்றார் சித்தப்பா.

"இல்ல, உங்க கொடியிலேர்ந்து எனக்கு வந்துச்சு. பூனை நான்தான்."

யார் முதலில் என்று லேப் அக்காவாலும் சொல்ல முடியவில்லை. வயிற்றிலிருந்து தொட்டி, தொட்டியிலிருந்து மண், மண்ணிலிருந்து காய், காயிலிருந்து வயிறு என்று எங்கள் வீட்டுக்குள்ளேயே அது சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. வெளியாள் யாரும் தேவைப்படவில்லை. அம்மா அப்பா உட்பட எல்லாருக்கும் மாத்திரை. சித்தப்பா மென்று முடித்துக் கண்ணை மூடி யோசித்தார். "எசன்ஸ்தான். சர்க்கரை ஒரு சிட்டிகை ஜாஸ்தி."

அட்டை கிடைத்த மூவரும் திங்கட்கிழமையே அடுப்பைப் பற்றவைத்தார்கள். காய் அத்தை சமைத்தார், பள்ளியிலிருந்து ஆள் வந்து சாப்பாட்டை எடுத்துப்போனார்கள். சித்தப்பாவும் நானும் மறு பரிசோதனை வரைக்கும் கூடத்துக்குள் கால் வைக்கக் கூடாது. அவர் ஜன்னலுக்கு வெளியே நின்று மோந்து பார்த்தே உப்பு சொல்வார். பகலில் நாங்கள் இரண்டு பேரும் கையுறை போட்டுக் கொடியைப் பிடுங்கினோம், தொட்டி மூடியைச் சிமெண்ட் வைத்துப் பூசினோம். பெரிய டீச்சரிடம் எப்போது சொல்வது என்ற பேச்சை மட்டும் அவர் எடுக்கவே இல்லை. நானும் கேட்கவில்லை. சொன்னால் வேலை நிற்குமா என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

மூன்று வாரம் கழித்துப் பெரிய டீச்சரே வந்தார். கையில் இரண்டு அட்டை. எங்கள் இருவருக்கும் புழு போய்விட்டது என்று லேப்பில் சொல்லியிருக்கிறார்கள்.

"பிள்ளைங்க பழைய சாப்பாடு கேட்டுப் பிடுங்கி எடுக்குதுங்க," என்று சித்தப்பாவிடம் அவருடைய அட்டையைக் கொடுத்தார். என்னுடையதைக் கொடுக்கவில்லை. "நீங்க திங்கள்லேர்ந்து வாங்க. ஆனா இந்தப் பொண்ணு வண்டி ஓட்ட வேணாம். டப்பாவை மாத்தினவ நாளைக்குத் தூக்குல என்னத்த மாத்துவாளோ."

நான் தலையை ஆட்டிவைத்தேன். சொல்லாமல் இருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும். ஒரு வண்டிதானே.

சித்தப்பா அட்டையைப் பெரிய டீச்சரிடமே திருப்பி நீட்டினார்.

"இவ மாத்தலீங்க. அஞ்சு டப்பாலயும் என்னோடதைத்தான் வெச்சேன். மத்தவங்களுக்கெல்லாம் புழு இருக்கும்னு நெனச்சேன். கடைசில எனக்குத்தான் இருந்துச்சு. அன்னிக்கு இவ என்னைக் காப்பாத்தப் பொய் சொன்னா, நான் கம்முனு இருந்தேன்."

பெரிய டீச்சர் அட்டையை வாங்கவில்லை. அவரை மேலும் கீழும் பார்த்தார். கூடத்துக்குள் கரண்டி நின்றுவிட்டது, கத்தியும் நின்றுவிட்டது. எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அஞ்சையுமா?" என்றார் கடைசியில்.

"அஞ்சையும்."

"எப்படிங்க முடிஞ்சுது?"

சித்தப்பாவின் காது சிவந்தது. "கொஞ்சம் கஷ்டமாத்தான் இருந்துச்சு."

பெரிய டீச்சர் உதட்டை இறுக்கிப் பார்த்தார், முடியவில்லை. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. திரும்பியபோது பழைய டீச்சராகிவிட்டார்.

"அடுத்த வருஷமும் சோதனை உண்டு. நான் வந்து பக்கத்துல நிப்பேன். திங்கட்கிழமை எத்தனை மணிக்குச் சாப்பாடு வரும்?"

"பன்னெண்டே காலுக்கு."

"யாரு கொண்டு வர்றா?"

"இவதான்."

என் அட்டையை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

மூன்று வாரம் நின்றதில் வண்டியின் மூன்று சக்கரத்திலும் காற்றில்லை. பம்பை எடுத்துக்கொண்டு போனேன். சித்தப்பா பின்னாலேயே வந்து, நான் அடித்து முடிக்கும்வரை வண்டி ஆடாமல் பிடித்துக்கொண்டார்.